பப்ளிக்கில் வராத கேள்வி

மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களின் ஓய்வறையில் ஒரு தீர்ப்பு அடிக்கடி வழங்கப்படும்: "இதெல்லாம் பப்ளிக்கில் வராது." அதாவது, அரசுப் பொதுத்தேர்வில் கேட்க மாட்டார்கள். பாடத்தைத் தாண்டி ஒரு பிள்ளை எதையாவது கேட்டுவிட்டால், மனம் நோகாமல் அந்தப் பேச்சை முடித்துவைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. பொங்கல் விடுமுறை முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிட்டால் இந்தத் தீர்ப்பு இன்னும் விரைவாக வரும். அரையாண்டுத் தேர்வில் தவறியவர்களின் பட்டியல் தலைமையாசிரியர் மேசையில் இருக்கும்போது, மாலைச் சிறப்பு வகுப்பின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கத்தில், பல ஆண்டுகளாக வேதியியல் எடுத்துவரும் எனக்கு அந்த நெருக்கடி புதிதன்று. ஆனாலும், என் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு, நடையில் போய்க்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியர் சன்னல் வழியாகவே இந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, அது எந்த அளவுக்குச் சரி என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அதில் 15 எடுத்து, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து மொத்தம் 35 வந்துவிட்டால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் வினாக்களைப் பாடநூலின் பின்பக்கப் பயிற்சியிலிருந்து உருப்போட்டு, நான்கைந்து ஐந்து மதிப்பெண் விடைகளைத் தவறில்லாமல் எழுதப் பழகிவிட்டால், தடுமாறும் பிள்ளையையும் கரை சேர்த்துவிடலாம். விடியற்காலையில் தக்காளி பறித்துவிட்டோ பூ எடுத்துவிட்டோ பேருந்து பிடித்து வரும் பிள்ளைக்கு அந்தத் தேர்ச்சி எவ்வளவு பெரிது என்பதை அறியாதவர்கள்தாம் மனப்பாடத்தை எளிதாக ஏளனம் செய்வார்கள். 'மினிமம் மெட்டீரியல்' என்று நாங்கள் நகலெடுத்துக் கொடுக்கும் மெல்லிய கையேட்டை நம்பிக் கல்லூரிக்குப் போனவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையவே இருக்கிறார்கள். அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக வருந்தவும் இல்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதே வினாத்தாளில் 24ஆம் வினாவும் 33ஆம் வினாவும் கட்டாயம். மற்ற இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்களில் விருப்பம் போலத் தேர்ந்துகொள்ளலாம், இவற்றில் முடியாது. பெரும்பாலும் இங்கேதான் பாடத்தின் உள்ளே இருந்து எடுத்த கணக்கோ சற்றே திருப்பிக் கேட்ட கேள்வியோ வந்து உட்காரும். தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் "ட்விஸ்ட் பண்ணிட்டாங்க டீச்சர்" என்பார்கள். தாளை வாங்கிப் பார்த்தால் திருகல் எதுவும் இருக்காது. கையேட்டில் நாங்கள் இடம் போதாமல் விட்டுவிட்ட ஒரு சிறு நிபந்தனை, கேள்வியில் ஒரு சொல்லாக நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நுரைக்காத சோப்பு

அன்றைக்கு அயனிச் சமநிலைப் பாடத்தின் கரைதிறன் பெருக்கக் கணக்குகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் உப்பின் அயனிகள் நீரில் எந்த அளவு வரை கரைந்து நிற்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது. உப்பின் அயனிகளில் ஒன்று நீரில் ஏற்கெனவே இருந்தால் அந்த உப்பு குறைவாகவே கரையும் என்கிற பொது அயனி விளைவைச் சொல்லி முடித்து, கால்சியம் புளோரைடைக் கரும்பலகையில் எழுதியதும், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய ஊர் மலையோரம் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான்.

"டீச்சர், எங்க ஊரு போர் தண்ணியில சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அப்படின்னா கால்சியம் நிறைய இருக்குன்னுதானே அர்த்தம்? அவ்வளவு கால்சியம் இருக்கிற தண்ணியில புளோரைடு எப்படிக் கரைஞ்சு நிக்குது? பொது அயனி விளைவுப்படி அது வீழ்படிவா அடியில வந்துடணும் இல்ல?"

அவள் மூச்சு விடுவதற்குள் சன்னலிலிருந்து குரல் வந்துவிட்டது. "அம்மா, அதெல்லாம் பப்ளிக்கில் வராது. கணக்கைப் போடுங்க." அவர் கண்டிப்பாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வகுப்பும் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மாவட்டத்தில் புளோரைடைப் பற்றி யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. பல் முளைக்கும் வயதில் புளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் குறுக்கே ஓடும் கறையை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். புகைப்படத்துக்கு வாயை மூடிக்கொண்டே சிரிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் ஒரு நோக்கமாகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த மாணவி பாடத்துக்கு வெளியே போய் எதையும் கேட்கவில்லை. பாடம் சொன்ன விதியைத் தன் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தாள். விதிப்படி நடக்க வேண்டியது அங்கே நடக்கவில்லை. தேர்வுக்கு ஆயத்தம் செய்வது என்றால் இதைவிட வேறென்ன என்று எனக்குத் தோன்றியது. கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளைக் கரும்பலகைக்கு வரச் சொன்னேன்.

கால்சியம் புளோரைடின் கரைதிறன் பெருக்கத்தை 25 டிகிரி செல்சியஸில் 3.9 × 10⁻¹¹ என்று எடுத்துக்கொண்டோம். (இந்த மதிப்பு நூலுக்கு நூல் பெரிதும் மாறும், தேர்வில் வினாத்தாள் கொடுக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும், நினைவில் இருப்பதை அன்று.) ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு புளோரைடு அயனிகள் என்பதால், கரைதிறனின் மும்மடியை நான்கால் பெருக்கினால் கரைதிறன் பெருக்கம் கிடைக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் தூய நீரில் கரைதிறன் லிட்டருக்கு 2.1 × 10⁻⁴ மோல். புளோரைடு அதைப்போல் இரண்டு மடங்கு. வழக்கமாகக் கணக்கு இந்த இடத்தில் முடிந்துவிடும். விடையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அன்றைக்கு அந்த விடையைப் புளோரைடின் அணு நிறையான 19ஆல் பெருக்கி மில்லிகிராமுக்கு மாற்றச் சொன்னேன். லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் வந்தது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாத இடத்தில் உச்ச வரம்பு 1.5. 'நீரில் மிகச் சொற்பமாகக் கரையும் உப்பு' என்று ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படித்து வைத்திருந்த அதே பொருள், அந்த வரம்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் புளோரைடை நீரில் விட்டுவைக்கிறது. சொற்பம் என்பது யாருக்குச் சொற்பம்? பத்தின் அடுக்கில் கழித்தல் பதினொன்று என்று பார்த்ததும் 'ஒன்றுமே இல்லை' என்று நினைத்துக்கொள்வது பிள்ளைகளின் பழக்கம். அந்த எண்ணை மில்லிகிராமாக ஒருமுறை மாற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் போய்விடும்.

அடுத்தது கால்சியம். நீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். அது சரியாக 10⁻³ மோல். இப்போது புளோரைடு எவ்வளவு வரை கரைந்து நிற்கலாம் என்று பார்த்தால் 3.75 மில்லிகிராம். பொது அயனி விளைவு வேலை செய்திருக்கிறது. 8ஐப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது. ஆனால் 1.5க்கு இறக்கவில்லை. "இன்னும் கால்சியம் சேர்ந்தா?" என்றாள். கணக்கைத் திருப்பிப் போட்டோம். புளோரைடை 1.5 மில்லிகிராமில் நிறுத்த வேண்டுமானால் கால்சியம் லிட்டருக்கு 250 மில்லிகிராம் இருக்க வேண்டும். குடிநீரில் கால்சியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பே 200தான். புளோரைடு நோயைக் கால்சியம் கொண்டு மட்டும் தீர்க்கப் புறப்பட்டால், நீர் வேறொரு காரணத்தால் குடிக்க ஆகாததாகிவிடும்.

சோப்பு நுரைக்காததையும் அங்கேயே எடுத்துக்கொண்டோம். நுரையைத் தடுப்பதில் கால்சியத்தோடு மெக்னீசியத்துக்கும் பங்கு உண்டு. நீர் ஆய்வறிக்கையில் கடினத்தன்மை 300 என்று இருந்தால், அது கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாகச் சொல்லப்பட்ட எண். கால்சியம் 300 மில்லிகிராம் என்று பொருளாகாது. அந்தக் கடினத்தன்மை முழுவதும் கால்சியத்தால்தான் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் 120 மில்லிகிராம் கால்சியம்தான் தேறும். அந்த நீரிலும் 2 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் புளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கலாம். ஆக, அவள் சொன்ன விதி சரி. அவளுடைய ஊர்த் தண்ணீரும் விதியை மீறவில்லை. இடையில் நின்றது அளவு என்கிற ஒன்றுதான். வீழ்படிவு உண்டாக, நீரில் உள்ள அயனிகளின் செறிவுகளைப் பெருக்கி வரும் அயனிப் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனையை அவள் எழுதிப் பார்த்ததே இல்லை. ஏனென்றால் எங்கள் கையேட்டில் அந்த வரி இருந்தாலும், அதற்குக் கீழே ஒரு கணக்கும் இல்லை.

காய்ச்சிய தண்ணீர்

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கரும்பலகையைத் துடைக்கப் போனபோது அவள் இன்னொன்று கேட்டாள். "எங்க பாட்டிக்கு முட்டி மடக்க வராது டீச்சர், இந்தத் தண்ணியாலதான். தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. காய்ச்சுனா அடியில வெள்ளையா படியுது. அதுல புளோரைடும் சேர்ந்து போயிடும்தானே?"

இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அடியில் படியும் அந்த வெள்ளை, பதினொன்றாம் வகுப்பு ஹைட்ரஜன் பாடத்தில் தற்காலிகக் கடினத்தன்மை என்ற தலைப்பில் அவள் ஏற்கெனவே படித்துவிட்டது. கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சமன்பாட்டை எழுதச் சொன்னால் தூக்கத்தில்கூட எழுதுவார்கள். அந்த வீழ்படிவோடு நீரை விட்டுப் போனது எது என்று நான் கேட்டபோது, "கடினத்தன்மை" என்று வகுப்பே சொன்னது. கடினத்தன்மை என்றால் எந்த அயனி என்று மறுபடியும் கேட்டேன். "கால்சியம்" என்றார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. புளோரைடை ஓரளவாவது கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது அந்தக் கால்சியம்தானே!

இனி அவளே கணக்கை நடத்தினாள். காய்ச்சுவதற்கு முன் கால்சியம் 40 மில்லிகிராம், புளோரைடு 2.5 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டாள். கால்சியம் 10⁻³ மோல், புளோரைடு 1.32 × 10⁻⁴ மோல். அதன் இருமடியைக் கால்சியத்தோடு பெருக்கினால் அயனிப் பெருக்கம் 1.73 × 10⁻¹¹. இது 3.9 × 10⁻¹¹ஐ விடக் குறைவு, வீழ்படிவு இல்லை. காய்ச்சியபின் கொஞ்சம் நீர் ஆவியாகிப் போனதால் புளோரைடு 3 மில்லிகிராமாக ஏறிவிட்டது என்றும், கால்சியத்தில் பாதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டது என்றும் வைத்துக்கொண்டாள். புளோரைடு ஏறியிருக்கிறதே, இப்போது வீழ்படிவு உண்டாகும் எல்லையை நெருங்கியிருக்க வேண்டும் என்றுதான் முன்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான். அவள் பெருக்கிக்கொண்டே வந்து 1.25 × 10⁻¹¹ என்று எழுதினாள். புளோரைடு கூடியிருக்கிறது, அயனிப் பெருக்கமோ இறங்கியிருக்கிறது. காய்ச்சியதால் அந்தத் தண்ணீரில் புளோரைடுக்கு இன்னும் கூடுதலாக இடம் கிடைத்திருக்கிறது.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடம், பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம். இரண்டையும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தேர்வுகளுக்காகப் படித்திருந்தார்கள். ஒரு பாடம் இன்னொன்றின் காலை வாரிவிடும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இத்தனை ஆண்டுகள் இவ்விரண்டையும் எடுத்த நானும் ஒரே கரும்பலகையில் இவற்றைச் சேர்த்து எழுதியதில்லை. வினாத்தாள் அப்படிக் கேட்காததால் அதற்கு வேளை வரவில்லை.

இதை எழுதும்போது ஒரு கவலையும் உண்டு. காய்ச்சாத நீரைக் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமிகளுக்குக் காய்ச்சுதல் தேவை. புளோரைடுக்கு அது மருந்தாகாது, அவ்வளவே. புளோரைடை எடுக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள வழிகளில்தான் போக வேண்டும். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் சுண்ணாம்போடு படிகாரத்தையும் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பு மட்டும் போதாது என்பதற்கான காரணம் அந்த 250 மில்லிகிராம் கணக்கிலேயே இருக்கிறது. படிகாரத்திலிருந்து உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோலத் திரண்டு, புளோரைடைத் தன் பரப்பில் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பரப்புக் கவர்தலைப் பற்றிப் புறப்பரப்பு வேதியியலில் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். எடுத்துக்காட்டு கேட்டால் எல்லாத் தாளிலும் கரியும் சிலிக்கா ஜெல்லும் மட்டுமே வரும்.

அன்றைய பயிற்சி தேர்வுக்கு எதற்கு உதவியது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு விஷயத்தைக் காட்டுவேன். '0.1 மோலார் சோடியம் புளோரைடு கரைசலில் கால்சியம் புளோரைடின் கரைதிறன் என்ன' என்பது அடிக்கடி வரும் கணக்கு. புளோரைடின் செறிவு 0.1தான், அதை இருமடியாக்கினால் 0.01, விடை 3.9 × 10⁻⁹. ஆனால் தாள் திருத்தும்போது, 0.1ஐ முதலில் 0.2ஆக்கி அதன்பின் இருமடியாக்கியவர்களைக் கட்டுக்கட்டாகப் பார்க்கலாம். 'புளோரைடு என்றால் இரண்டால் பெருக்கு' என்று மனத்தில் பதிந்திருப்பதன் விளைவு அது. கால்சியம் புளோரைடு கரைந்து புளோரைடைத் தரும்போதுதான் அந்த இரண்டு வரும். வேறோர் உப்பிலிருந்து வந்து முன்பே நீரில் இருக்கும் புளோரைடுக்கு அது பொருந்தாது. போர் தண்ணீரில் இருக்கும் 2.5 மில்லிகிராமை இரண்டால் பெருக்க யாருக்கும் தோன்றாது. பாறையிலிருந்து எப்படி வந்ததோ, வந்தது வந்ததுதான். அன்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திருப்புதல் தேர்வில் அந்த இரண்டைப் பெரும்பாலும் போடவில்லை. நான்கால் பெருக்கும் சூத்திரம் தூய நீருக்கு மட்டும் உரியது என்று தனியே கட்டம் போட்டு நான் சொன்ன ஆண்டுகளில், அந்தக் கட்டத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டு, தாளில் 0.2 என்றே எழுதிவைத்தவர்கள் உண்டு.

ஒரு சூத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் கருத்து என்று நான் இப்போது புரிந்துகொள்கிறேன். ஓம் விதி என்றதும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கிறார்கள். வெப்பநிலை மாறாதபோது என்ற தொடர் கையேட்டில் அடைப்புக்குறிக்குள் போய், அடுத்த பதிப்பில் அதுவும் காணாமல் போகிறது. இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் பாடலைப்போல ஒப்பிப்பார்கள். முடுக்கம் மாறாதிருந்தால் என்ற சொற்கள் அந்தப் பாட்டில் இல்லை. நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் குறை வேறு வடிவத்தில் இருக்கிறது. அவர்கள் கையில் சூத்திரங்கள் நம்முடையதைப்போல் பல மடங்கு. நிமிடத்துக்கு ஒரு வினா என்ற ஓட்டத்தில் நிபந்தனைகள்தாம் முதலில் கழன்று விழுகின்றன. எதிர்க்குறி மதிப்பெண் கழிந்து வரும்போது 'சில்லி மிஸ்டேக்' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

இயற்பியல் ஆசிரியரோடு இதைப் பற்றிப் பல முறை பேசியிருக்கிறேன். அவர் காரிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். "வேதியியலில் ஊர்க்கதை சொல்லலாம் டீச்சர், இயற்பியலில் அப்படி எல்லாம் முடியாது, டெரிவேஷனே முடியமாட்டேங்குது" என்பது அவருடைய வாதம். ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அவருடைய வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். பழைய திறந்த கிணறுகளில் மோட்டார் வைக்கப் பக்கச் சுவரில் மேடை கட்டியிருப்பார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க, அதற்கும் கீழே இன்னொரு மேடை. அவருடைய கிணற்றிலும் அப்படி மூன்று மேடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றனவாம். ஏன் மோட்டாரைக் கீழே இறக்கினார்கள், மேலேயே வைத்துப் பெரிய மோட்டாராக மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். விடை அவருக்குத் தெரியும். ஆண்டுதோறும் அதை வகுப்பில் எழுதிப்போடுகிறார்.

மேலே வைத்த பம்பு நீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அது குறைக்கிறது. வெளியே உள்ள வளிமண்டலந்தான் நீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தத்தை நீரின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் 10.3 மீட்டர், பாதரசத்துக்கு 76 சென்டிமீட்டர் என்றால் அதை 13.6ஆல் பெருக்கிப் பார்த்தாலும் அதே விடைதான். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. நடைமுறையில் குழாய் உராய்வும் நீராவி அழுத்தமும் சேர்ந்து ஏழெட்டு மீட்டரிலேயே நிறுத்திவிடும். அந்த 10.3ம் கடல் மட்டத்துக்கு உரியது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் காற்றழுத்தம் குறைவு. அங்கே கணக்குப்படியே 9.3 மீட்டருக்கு மேல் ஏறாது. வினாத்தாள் இதுவரை ஓசூரை வைத்துக் கேட்டதில்லை. கேட்டால் 10.3 என்று எழுதுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவரிடம் கேட்டபோது, "எல்லாரும்" என்று தயங்காமல் சொன்னார்.

இன்றைக்கு அந்தக் கிணறு வற்றி, பக்கத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டிருக்கிறார்கள். ஆயிரம் அடி என்றால் ஏறத்தாழ 300 மீட்டர். சப்மெர்சிபிள் மோட்டார் நீருக்குள்ளேயே கிடந்து கீழிருந்து தள்ளுவதால் 10.3 மீட்டர் எல்லை அதற்கு இல்லை. அதற்குப் பதிலாக 29 வளிமண்டல அழுத்தத்துக்கு எதிராக அது நீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. அத்தனை ஆழத்தில் பாறை வெடிப்புகளில் நெடுங்காலமாகத் தேங்கிக் கிடக்கும் நீர், பாறையிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. பைகார்பனேட் மிகுந்த நீரில் கால்சியமோ சுண்ணாம்புப் படிவாக முன்பே வெளியேறிவிடுகிறது. பாத்திரத்தின் அடியில் பத்து நிமிடத்தில் நடப்பது, நிலத்தடியில் மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருக்கிறது. அவருடைய மோட்டாரும் என் கால்சியமும் ஒரே போருக்குள் இருப்பதை அன்று பேருந்து வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்காக எல்லாவற்றையும் இப்படி எடுக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. 'வராது' என்று நானும் சிலவற்றைத் தள்ளிவிடுகிறேன். ஒரு கரிமச் சேர்மத்துக்கு எத்தனை வணிகப் பெயர்கள் உண்டு என்று கேட்டு வரும் பிள்ளையை, தேர்வுக்குப் பின் வா என்று அனுப்பிவிடுவேன், வந்தவர்கள் இல்லை. நேரம் குறைவு என்பதும், ஒரே வகுப்பில் 15 மதிப்பெண்ணுக்குப் போராடுபவரும் 70க்கு 70 எடுக்க நினைப்பவரும் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் மாறப்போவதில்லை. இரண்டு பாடங்களை ஒரே கேள்வியில் மோதவிடும் பிள்ளையை மட்டும் நான் இப்போது உட்காரச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட கேள்வி ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அதற்கு ஒரு மாலை வகுப்பைக் கொடுத்துவிட்டால் பாடத்திட்டம் குடிமுழுகிப் போய்விடாது.

இந்த ஆண்டு எங்கள் பள்ளி அளவில் வைக்கும் மாதிரித் தேர்வில், வேதியியலின் 33ஆம் வினாவாகக் காய்ச்சிய தண்ணீரைக் கொடுக்கப்போகிறேன். விடைக்குறிப்பில் அயனிப் பெருக்கத்தைச் சரியாக எழுதியதற்கு ஒரு மதிப்பெண், இரண்டு நிலைகளிலும் மதிப்பைப் பிரதியிட்டதற்கு ஒன்று, வீழ்படிவு உண்டாகாது என்ற முடிவுக்கு ஒன்று. இயற்பியல் ஆசிரியரும் 300 மீட்டர் போரிலிருந்து நொடிக்கு ஒரு லிட்டர் நீர் ஏற்றக் குறைந்தது எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று ஒரு கணக்கு எழுதிக்கொண்டு வந்தார். பப்ளிக்கில் வருமா என்று கேட்டேன். அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்றார். இப்போது எங்களுக்குள் மிஞ்சியிருக்கும் சண்டை புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று கொடுப்பதா, 10 என்று கொடுப்பதா என்பதுதான். 10 என்றால் 4.02 குதிரைத்திறன் வருகிறது, 9.8 என்றால் 3.94. முழுதாக 4 வரவேண்டும் என்பதற்காக அவர் போரின் ஆழத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்.